பஞ்சு போகும் பாதை

சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே சின்னசேலம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன், "ஓகோ! சேலம் பட்டணத்தின் ஒரு பேட்டையாக்கும்!" என்று தீர்மானித்து விடுகிறவர்கள் அநேகர். எங்களுடன் வந்த நண்பரும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர். சேலத்தை விட்டு வண்டி புறப்பட்டுக் கால் மணி ஆவதற்குள், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இறங்குவதற்குத் தயாராகி விட்டார். வாழப்பாடி வந்தது; ஆத்தூர் வந்தது; தலைவாசல் வந்தது; அந்தோணியார் கோவிலுக்குப் பேர்போன மேல்நாரியப்பனூரும் வந்தது. பை மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை.

ஒரு காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவின் மேற்கு மூலையாக இருந்த ஊர் இது. 1993-ஆம் வருஷம் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. ஜில்லாக்கள் மாறினாலும் வடக்கே நிற்கும் கல்வராயன் மலை மாறவில்லை. ரயில் சன்னல் வழியாகப் பார்த்தால், நீல நிறமான அந்த மலைத் தொடர் ஆத்தூரிலிருந்தே நம்முடன் கூட வருவதுபோல் தோன்றுகிறது. இருப்புப் பாதைக்கு இரு புறமும் மரவள்ளியும் மக்காச்சோளமும் கரும்பும் மாறி மாறி வருகின்றன. மரவள்ளிக் கிழங்கு சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கரும்பு சர்க்கரை ஆலைக்குப் போகிறது. இவற்றுக்கு நடுவே, கரிசல் கண்ட இடங்களில், பருத்தி.

நாங்கள் சென்றது தை மாதம். பருத்திக் காய் வெடித்துப் பஞ்சு வெளியே வந்து சிரிக்கும் சமயம். பருத்தியை விதைப்பதிலும் உழுவதிலும் ஆண்களுக்குப் பங்கு உண்டு. எடுப்பது அநேகமாகப் பெண்களின் வேலை. வெயில் ஏறினால் காய்ந்த இலைத் தூள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்; ஆகையால் காலையிலேயே இறங்கி விடுகிறார்கள். முந்தானையை மடித்து இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு, ஒரு காயிலிருந்து ஒரே இழுப்பில் பஞ்சு முழுவதையும் எடுத்து மடியில் போடும் லாவகம் பார்க்கப் பார்க்க அலுக்காதது. எங்கள் நண்பர் தாமும் முயன்று பார்த்தார். காயின் கூரான ஓட்டில் விரலைக் குத்திக்கொண்டதுதான் கண்ட பலன்.

வரப்பில் இளைப்பாற உட்கார்ந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தோம். நாற்பது வயதிருக்கும். அவளுக்கு இரண்டு பெண்கள்.

"சின்னவ பள்ளிக்கூடம் போறா. பெரியவ மேற்கே பஞ்சு மில்லுலே இருக்கிறாங்க, ஐயா. பொங்கலுக்கு நாலு நாள் லீவு விட்டிருக்காங்க. வீட்டுலேதான் படுத்துக் கெடக்கிறா. தூக்கம் போதலையாம்" என்றாள்.

"சம்பளம் எப்படி?" என்று கேட்டோம்.

"சாப்பாடு, தங்கற எடமெல்லாம் அவுங்களுது. மாசா மாசம் கொஞ்சம் வருது. மூணு வருசம் முடிஞ்சா மீதியை மொத்தமாத் தருவாங்களாம். கல்யாணத்துக்கு ஆகுமில்லே?"

"அப்படி யார் சொன்னார்கள்?"

"கூட்டிக்கிட்டுப் போனவரு சொன்னாரு."

"எழுத்து மூலமாகச் சீட்டு ஏதாவது கொடுத்தாரா?"

அந்த அம்மாள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தாள். "பருத்திக்குச் சீட்டு இருக்குதுங்க. பொண்ணுக்கு ஏதுங்க சீட்டு?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பருத்திக்கு இருக்கும் சீட்டு எது என்று தெரிந்துகொள்வதற்காக நேரே பருத்தி விற்கும் இடத்துக்குப் போனோம்.

கள்ளக்குறிச்சியில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் மூட்டைகளைக் கொண்டு வந்து அடுக்குகிறார்கள். எடை போடப்படுகிறது. வெளியூர் வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பஞ்சை விரலால் இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு தங்கள் விலையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டுகள் பிரிக்கப்பட்டு, அதிக விலை எது என்று எல்லோரும் அறியச் சொல்லப்படுகிறது. மறைமுக ஏலம் என்று இதற்குப் பெயர். ஆனால் முடிவில் மறைவு ஒன்றும் இல்லை. விலை பிடிக்காவிட்டால், "நான் விற்கவில்லை" என்று சொல்லி மூட்டையைத் திருப்பிக்கொண்டு போகவும் குடியானவனுக்கு உரிமை உண்டு.

இந்த ஏற்பாடு தானாக வந்து விடவில்லை. முற்காலத்தில் பருத்தி விளைவித்தவன் தரகன் கையில் அகப்பட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல. தராசு தரகனுடையது, படிக்கல் தரகனுடையது, கணக்கும் அவனுடையதே. வியாபாரியும் தரகனும் துண்டுக்கு அடியில் கை விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பருத்திக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நின்று துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் சென்னை மாகாணத்தில் 1933-ஆம் வருஷம் வியாபாரப் பயிர்களுக்கான சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதல் ஒழுங்குமுறைச் சந்தை, பருத்திக்காக, 1936-இல் திருப்பூரில் ஏற்பட்டது. சரியான தராசு, எல்லோரும் அறிந்த விலை, கையில் ரொக்கம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை: இந்த நான்கும் பருத்திக்குக் கிடைத்தன.

ஏலம் போன பஞ்சு லாரி ஏறி மேற்கே போகிறது. அந்த அம்மாளின் மூத்த பெண்ணும் அதே சாலையில் பஸ் ஏறி மேற்கேதான் போனாள். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களில் நூற்பாலைகள் நெருக்கமாக நிற்கின்றன. நூற்புத் தொழிலில் இந்தியாவிலேயே முதல் இடம் தமிழ் நாட்டுக்குத்தான். பஞ்சுக்கும் பெண்ணுக்கும் ஒரே வழி, ஒரே ஆலை. ஆனால் மேலே சொன்ன நான்கு உரிமைகளில் எத்தனை அந்தப் பெண்ணுடன் பஸ் ஏறின என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

சென்ற நூற்றாண்டின் கடைசியில் நூற்பாலைகளில் ஒரு புது ஏற்பாடு பரவியது. கிராமத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து மணமாகாத இளம் பெண்களைத் தரகர்கள் மூலம் சேர்ப்பார்கள். ஆலை மதிலுக்குள்ளேயே விடுதி. மூன்று வருஷ ஒப்பந்தம். மாதந்தோறும் சொற்பத் தொகை. மூன்று வருஷம் முடிந்ததும் 30,000, 40,000, 50,000 என்று ஆலைக்கு ஆலை வேறுபட்ட ஒரு மொத்தத் தொகை. இதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர். நமது தாய்மார்கள் ஆசீர்வாதம் செய்யும்போது சொல்லும் சொல் அது! அதை எடுத்து ஒரு கூலி ஒப்பந்தத்துக்குச் சூட்டியவர்களின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் சொல்லி விட்டது. அந்த வரதட்சணைக்குப் பணம் சேர்க்கும் வழியாகவே இந்தத் திட்டம் ஊர் ஊராகச் சொல்லி விற்கப்பட்டது.

மொத்தத் தொகை என்று சொல்லப்பட்டது ஆலை அளித்த பரிசு அல்ல. அந்தப் பெண் உழைத்த கூலியில் பிடித்து வைத்ததுதான். மூன்று வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் விழுந்தாலும், வேலை பிடிக்காமல் வீடு திரும்பினாலும், தொகை போயிற்று என்று சொல்லப்பட்ட பெண்கள் பலர். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அநேக இடங்களில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. பெயர் போன எல்லா இடங்களிலும் வழக்கமும் போய்விட்டதென்று, வரப்பில் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்ட எங்களால் சொல்ல முடியவில்லை.

மாலையில் அந்தப் பெண்ணையே அவள் வீட்டுத் திண்ணையில் கண்டோம். பத்தொன்பது வயது. முதலில் வாய் திறக்கவில்லை. எங்கள் நண்பர் தம் குத்துப்பட்ட விரலைக் காட்டியதும் சிரித்து விட்டாள். பிறகு தயக்கமின்றிப் பேசினாள்.

பஞ்சு சிப்பங்களைப் பிரித்து அடித்துத் தூசி நீக்குவது ஒரு பிரிவு. வாரிச் சீவி, கயிறுபோல் திரிப்பது அடுத்த பிரிவு. அவளுக்கு ஸ்பின்னிங் பிரிவில் வேலை. அங்கே கதிர்கள் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்து, எங்கே இழை அறுகிறதோ அங்கே விரல் நுனியால் பிடித்துப் பிணைக்க வேண்டும். நிற்கக் கூடாது. இழை அறாமல் இருப்பதற்காக உள்ளே காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள், ஆகையால் புழுக்கம். யந்திர இரைச்சலில் பேசினால் கேளாது. உதட்டைப் பார்த்தும் சைகை செய்தும் பேசிக்கொள்வார்களாம். பஞ்சுத் தூசி மூக்கிலும் மயிரிலும் படியும். பல வருஷம் அத்தூசியைச் சுவாசிப்பவர்களுக்குப் 'பைசினோசிஸ்' என்ற மார்பு நோய் வருவதுண்டு. விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று மார்பு இறுகுவது அதன் ஆரம்ப அடையாளம்.

"வேலை கஷ்டமா அம்மா?" என்று கேட்டோம்.

"வேலை பழகிடுச்சுங்க. அங்கே எனக்குச் சிநேகிதிங்க இருக்காங்க. ராத்திரி ஷிப்டு முடிஞ்சா கதை பேசுவோம். ஆனா, கடைக்குப் போகணும்னாக்கூட வார்டன் அக்கா கூட, கும்பலாத்தான் போகணும். அம்மாவோட போன்லே பேசுறப்போ பக்கத்துலே ஆள் நிப்பாங்க. என் சம்பளம் எவ்வளவுன்னு எனக்கே சரியாத் தெரியாதுங்க" என்றாள்.

கடைசி வாக்கியத்தை அவள் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எங்களுக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

நூற்பது நம் பெண்களுக்குப் புதிய தொழில் அல்ல. ஆலைகள் வருமுன் நூற்பு முழுவதும் வீட்டுத் திண்ணைகளில், அநேகமாகப் பெண்களின் கையில் இருந்தது. கோயமுத்தூரில் 1888-ஆம் வருஷம் ஸ்டேன்ஸ் துரை ஸ்தாபித்த ஆலையும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பின் வரிசையாக எழுந்த ஆலைகளும் அந்தத் தொழிலைத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டன. அப்போதும் பெண்கள் ஆலைக்குப் போனார்கள்; நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியிலும் கழிவுப் பஞ்சைப் பொறுக்கும் பகுதியிலும் வேலை செய்தார்கள். ஆனால் பெரும்பாலும் அக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்து, மாலையில் வீடு திரும்பிய பெண்கள் அவர்கள். 1891-ஆம் வருஷத்துச் சட்டம் பெண்களுக்கு நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. சென்னை மாகாணத்தின் 1934-ஆம் வருஷத்துச் சட்டம் பிரசவ காலச் சகாயத்துக்கு வழி செய்தது.

அவர்கள் தனித்து விடப்பட்டவர்களும் அல்ல. கோயமுத்தூரை அடுத்த சின்னியம்பாளையத்தில், ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து எழுந்த மோதலில் ஓர் ஆள் கொலையுண்டான். அந்த வழக்கில் நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். கொலையை நாம் மெச்சவில்லை. ஆனால் ஓர் ஆலைப் பெண்ணுக்கு நேர்ந்ததைத் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததாக எண்ணியவர்கள் அன்று மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி. பின்னர் ஆலைகளில் பெண்களின் தொகை வரவரக் குறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் மறுபடி அழைக்கப்பட்டபோது, தாயாரான பெண்களும் சங்கத்தில் சேரத் தெரிந்த பெண்களும் அழைக்கப்படவில்லை. வீட்டை விட்டுத் தொலைவில் மதிலுக்குள் தங்கக்கூடிய இளம் பெண்களே அழைக்கப்பட்டார்கள்.

மற்றத் தேசங்களிலும் ஆலைத் தொழில் இளம் பெண்களின் கையால்தான் நிலைத்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லோவல் நகரில் 1823-இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1840-இல் அங்கே ஏறக்குறைய 8,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் குடியானவர் வீட்டுப் பெண்கள். விடுதியில் தங்கி, மணி அடித்தால் எழுந்து, இரவு பத்து மணிக்குக் கதவடைப்புக்கு உட்பட்டு வாழ்ந்தார்கள். தம்பியின் படிப்புக்கும் தங்கள் கல்யாணத்துக்கும் பணம் சேர்த்தார்கள். இது வரையில் நமது கதையேதான். ஆனால் அவர்களுடைய கூலி மாதா மாதம் ரொக்கமாக அவர்கள் கையில் விழுந்தது. 1829-இல் ஊரில் ஏற்பட்ட சேமிப்பு வங்கியில் அநேகர் தங்கள் பெயரிலேயே கணக்கு வைத்தார்கள். 1834-இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தபோதும், 1836-இல் விடுதிச் செலவு உயர்ந்தபோதும் வெளியேறி நிற்க அவர்களால் முடிந்தது. கையில் சொந்தப் பணம் இருப்பவள்தான், "மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

ஜப்பானில் 1872-ஆம் வருஷம் டொமியோகா என்னும் ஊரில் சர்க்கார் பட்டு ஆலை திறந்தபோது பெண்களே வரவில்லையாம். அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் குடித்த சிவப்புத் திராட்சை மதுவைப் பார்த்து, "இவர்கள் பெண்களின் இரத்தத்தைக் குடிப்பவர்கள்" என்று ஜனங்கள் நடுங்கினார்கள். அந்தப் பீதி வீண். உண்மையான கஷ்டம் பின்னால் வந்தது. மற்ற ஆலைகள் பெருகிய காலத்தில், பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துவிட்டுப் பெண்ணை வருஷக் கணக்கில் விடுதியில் அடைக்கும் வழக்கம் பரவியது. அங்கே பெண்களின் இரவு வேலை 1929-இல்தான் தடுக்கப்பட்டது. தகப்பன் கையில் முன்னதாகக் கொடுத்தாலும் சரி, மூன்று வருஷம் கழித்துக் கொடுத்தாலும் சரி, உழைக்கிற மாதத்தில் உழைத்தவள் கையில் கொடாத கூலி, விலங்கின் வேலையைச் செய்கிறது.

நமது தேசத்தில் இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. ராட்டையில் நூற்ற ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்து வந்த கூலி போதாதென்று 1935-ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி வற்புறுத்தினார். கதர் விலை ஏறி விற்பனை குறைந்தாலும் நூற்பவளுக்கு வயிற்றுக்குப் போதிய கூலி கிடைக்க வேண்டும் என்றார். சர்க்கா சங்கமும் அதை ஏற்றது. சட்டமும் ஊமையாக இல்லை. கூலியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1936-ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பெண்கள் விடுதிகள் பதிவு பெற்று, சர்க்கார் பார்வைக்கு உட்பட வேண்டும் என்று தமிழ் நாட்டில் 2014-இல் ஒரு சட்டம் வந்தது. 2022-இல் திண்டுக்கல்லில், ஓர் இளம் தொழிலாளி கொலையுண்ட துயரத்துக்குப் பிறகு, பெண்களே தலைமை வகிக்கும் ஒரு தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்துடனும் துணி வாங்கும் அயல்நாட்டுக் கம்பெனிகளுடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலைக்குள் பெண்களை அவமதிப்பதைத் தொழிலாளப் பெண்களே கண்காணித்து முறையிட அது வழி செய்தது. ஆகவே, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

மறு நாள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரையில் போய் வந்தோம். காற்றும் காடும் அருவிகளும் கண்ணுக்கு இனியவை. ஆனால் இந்த மலைக் கிராமங்கள் 1976-ஆம் வருஷம் வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தன. பாரத நாடு சுதந்திரம் பெற்று இருபத்தொன்பது வருஷம் ஆன பிறகே சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பிறந்ததும் அதே 1976-ஆம் வருஷத்தில்தான். மலையடிவாரத்துக் குடிசையிலிருந்து மில்லுக்குப் போகும் பெண்ணுக்குப் பாட்டி ஒருத்தி இருப்பாள். கூலி கேளாமல் உழைப்பது என்றால் என்ன என்பது அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

நேயர்களே! நம் வீட்டுப் பெண்கள் கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு வந்து தாயார் கையில் கொடுக்கும்போது, அந்தப் பெண்ணின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை நாம் அறிவோம். நாம் உடுத்தும் புடவையிலும் வேஷ்டியிலும் எந்த இழையைச் சின்னசேலத்துப் பெண் பிணைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெருமிதத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. ஆலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் திண்ணைப் பெண்ணும் சொல்லவில்லை. வேலை வேண்டும், கூலி தன் பெயரில் உள்ள கணக்கில் மாதா மாதம் வர வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கு முதற்படியாக ஒரு சிறு காரியம் செய்யலாம். விற்பனைக் கூடத்தில் பருத்தி விலை எல்லோரும் அறியச் சொல்லப்படுகிறது. அதைப் போலவே, மேற்கே போகும் பஸ் நிற்கும் இடத்தில், சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும், நல்ல தமிழில் பெரிய எழுத்தில் சர்க்கார் ஒரு பலகை வைக்கட்டும். நூற்பாலையில் நாள் ஒன்றுக்குச் சட்டப்படி உரிய கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, பாக்கி நின்றால் எந்த அதிகாரியிடம் முறையிடுவது என்று அதில் எழுதியிருக்கட்டும். பஸ் ஏறுவதற்கு முன் பெண்ணும் தாயாரும் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு போவார்கள். தரகர் அதன் பக்கத்தில் நின்று வேறு கணக்குச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார் என்பது எங்கள் பணிவான அபிப்பிராயம்.